இரும்பை வெட்டும் காகிதம்: வீட்டு சி.என்.சி மில்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு

பி.காம் படிக்கிற ஆளுக்கு மில்லிங் மிஷினில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். காரணம் எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம்தான். அதில் 'செட்டப் காஸ்ட்' என்று ஒன்று வரும். ஒரு மிஷினை ஒரு குறிப்பிட்ட வேலைக்குத் தயார் செய்ய ஆகும் செலவு. ஆயிரம் உருப்படி செய்தால் அந்தச் செலவு ஆயிரமாகப் பிரிந்துவிடும். ஒன்றே ஒன்று செய்தால் மொத்தமும் அதன் தலையில் விழும். லேத் பட்டறைக்குப் போய் "ஒரே ஒரு பீஸ் வேணும்ணே" என்று கேட்டால் அண்ணன் ஏன் முகத்தைச் சுளிக்கிறார் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் இதுதான் :-)

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் இன்ஜினியரிங் படிக்கும் இரண்டு பேர், மொட்டைமாடி அறையில் சொந்தமாக ஒரு சி.என்.சி மில் கட்டும் முயற்சியில் இருக்கிறார்கள். அதற்குக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. ஆனால் எழுதக் கணக்கே இல்லை! ஒரு ஸ்க்ரூ கூட வாங்காமல் வாரக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபைல் தயாரிக்கிறார்கள். கேட்டால், "ஃபைல் சரியா இருந்தா மிஷின் பாதி முடிஞ்ச மாதிரி" என்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஃபைலில் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. தொழில்நுட்பம் பெரிதாகத் தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைலுக்கு முன்னால் ஓலை

ஒரு பொருளின் அளவுகளைப் பொருளுக்கு வெளியே எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை செய்யத் தொடங்கும்போது, சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை வெட்டி, அதை மடித்து மடித்துப் பங்குகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்று சிற்ப சாஸ்திரம் சொல்கிறது. உத்தம தச தாளத்தில் மொத்த உயரம் 124 பங்கு. சிலை ஒரு அடியானாலும் ஆறு அடியானாலும் விகிதம் மாறாது. ஓலையை மட்டும் புதிதாக வெட்டினால் போதும்.

இன்றைக்கு கேட் மென்பொருளில் ஒரு அளவை மாற்றினால் மற்ற அளவுகள் தானாக மாறுவதைப் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். ஓலை அதைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஓலையைப் படிக்க ஸ்தபதியின் கண்ணும் கையும் வேண்டும். மனிதக் கை நடுவில் இல்லாமல் அளவு நேராக உலோகத்துக்குப் போக முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவர், கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு அமெரிக்கர்.

பதினேழு புள்ளியும் இருநூறு புள்ளியும்

அவர் பெயர் ஜான் பார்சன்ஸ். மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்ற ஊரில் தொழிற்சாலை. 1940களில் சிகோர்ஸ்கி நிறுவனத்துக்காக ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைச் சரிபார்க்க உலோக டெம்ப்ளேட் வேண்டும். அந்த வளைவுக்கு அவருக்குக் கிடைத்தது 17 புள்ளிகள். புள்ளிகளுக்கு இடையே கோடு இழுப்பது ஆளின் கைவண்ணம்.

பார்சன்ஸிடம் ஃபிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளர் இருந்தார். கணக்கு எழுதும் அலுவலகங்களுக்காக வந்த ஐ.பி.எம் பஞ்ச் கார்டு மிஷினை வைத்து (ஆமாம், எங்கள் காமர்ஸ் ஆட்களின் மிஷின்!) வளைவில் 17க்குப் பதில் 200 புள்ளிகளைக் கணக்கிட்டார்கள். இதில் முக்கியமான ஒரு வேலையும் செய்தார்கள். வெட்டும் கட்டருக்குப் பருமன் இருக்கிறதே, அதன் ஆரத்தையும் சேர்த்து ஒவ்வொரு புள்ளியையும் தள்ளி வைத்தார்கள். அதாவது பொருளின் கோடு வேறு, கட்டரின் மையம் போகும் கோடு வேறு. இன்றைக்கு கேம் மென்பொருள் 'டூல்பாத்' போடும்போது செய்வது அச்சு அசல் இதையேதான்.

அந்த எண்களை வைத்து வெட்டியது எப்படித் தெரியுமா? ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்ணை வாய்விட்டு வாசிப்பார். ஒருவர் எக்ஸ் கைச்சக்கரத்தைத் திருப்புவார், இன்னொருவர் ஒய் கைச்சக்கரத்தை. மூன்று பேர் சேர்ந்து ஒரு சி.என்.சி!

வாசிப்பவருக்குப் பதில் கார்டு, திருப்புபவர்களுக்குப் பதில் மோட்டார் என்பதுதான் பார்சன்ஸின் அடுத்த யோசனை. 1949ல் அமெரிக்க விமானப்படை இதற்குப் பணம் கொடுத்தது. மோட்டார் கட்டுப்பாட்டுக்காக பார்சன்ஸ் உதவி கேட்டுப் போனது மாசசூசெட்ஸ் எம்.ஐ.டியிடம். கொஞ்ச நாளில் விமானப்படையுடன் எம்.ஐ.டியே நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. யோசனைக்குச் சொந்தக்காரர் ஓரங்கட்டப்பட்டார். 1952ல் எம்.ஐ.டி, ஒரு சின்சினாட்டி மில்லிங் மிஷினில் துளையிட்ட காகித நாடாவை ஓட்டிக் காட்டியது. பார்சன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் காப்புரிமை கிடைத்தது 1958ல். 1985ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் இருவருக்கும் வந்தது.

அதே 1949, குரோம்பேட்டை

இங்கே ஒரு சின்ன ஒற்றுமை. எங்கள் பக்கத்து குரோம்பேட்டையில் சி. ராஜம் நம்ம எம்.ஐ.டியை (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) தொடங்கியதும் 1949ல்தான். அங்கே படித்த அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். நாலைந்து மாணவர்கள் சேர்ந்து தாழப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும். வேலை பின்தங்கியதும் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள்தான் கொடுத்தார், முடிக்காவிட்டால் ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படும் என்றார். கலாம் தூக்கமில்லாமல் வரைபலகையிலேயே கிடந்து முடித்தார்.

அந்த வரைபடம் விமானமாக வேண்டுமென்றால், டிராஃப்ட்ஸ்மேன், டெம்ப்ளேட் செய்பவர், ஃபிட்டர், டர்னர் என்று எத்தனை கைகள் மாற வேண்டும்! படத்தில் இல்லாததை அவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து நிரப்பினார்கள். நாடா வந்தபோது அந்த அனுபவத்துக்கு என்ன ஆனது? இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கேள்விதான்.

யார் கையில் இருக்கிறது அந்த நாடா?

1940களின் கடைசியில் இன்னொரு வழியும் இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் முயன்ற 'ரெக்கார்டு-பிளேபேக்' முறை. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைக் கையால் வெட்டுவார். அவர் கை அசைவு காந்த நாடாவில் பதிவாகும். பிறகு நாடாவை ஓட்டினால் மிஷின் அதையே திரும்பச் செய்யும். கச்சேரியைக் கேசட்டில் பிடிப்பது மாதிரி. இதில் ஃபைல் எழுதுபவர் தொழிலாளி. பார்சன்ஸ் வழியில் ஃபைல் எழுதுபவர் ஆபீஸில் இருப்பவர்.

வென்றது ஆபீஸ் வழி. டேவிட் நோபிள் என்ற வரலாற்றாசிரியர் 1984ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பட்டறைத் தளத்தின் கட்டுப்பாட்டைத் தொழிலாளியிடமிருந்து எடுக்க நிர்வாகங்கள் விரும்பியதும் இந்தத் தேர்வுக்கு ஒரு காரணம் என்பது அவர் வாதம். மறுபக்கமும் சொல்ல வேண்டும். விமானப்படைக்கு வேண்டியிருந்த சிக்கலான வளைவுகளை எந்தக் கையாலும் முதல்முறை வெட்ட முடியாது, எண்தான் ஒரே வழி. இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விமான இறக்கைக்கு அவசியமான முறை, சாதாரண பிராக்கெட்டுக்கும் சேர்த்தே வந்துவிட்டது. செட்டப் செய்யும் அறிவு தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து கம்பெனியின் அலமாரிக்குப் போனது.

அலமாரிக்குப் பூட்டும் வந்தது. தோஷிபா மெஷின் என்ற ஜப்பானிய நிறுவனம் பெரிய மில்லிங் மிஷின்களையும், நார்வேயின் கோங்ஸ்பெர்க் நிறுவனம் அவற்றுக்கான கட்டுப்பாட்டுக் கருவிகளையும் தடையை மீறி சோவியத் யூனியனுக்கு விற்றது 1987ல் அம்பலமானது. நீர்மூழ்கிக் கப்பலின் புரொப்பெல்லரைச் சத்தமில்லாமல் சுழலும்படி வெட்ட அவை உதவும் என்பதுதான் அமெரிக்காவின் கோபம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தோஷிபா ரேடியோவைச் சுத்தியலால் உடைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். உயர்துல்லிய மிஷின்கள் இன்றும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள சரக்கு.

பூட்டு திறந்த கதை

நல்லவேளையாக ஃபைலின் மொழி மட்டும் பூட்டப்படவில்லை. 1960களில் ஆர்.எஸ்-274 என்ற பெயரில் தரப்படுத்தப்பட்ட ஜி-கோடு, படித்தால் புரிகிற எளிய எழுத்து. ஜி0 என்றால் வேகமாக நகர், ஜி1 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே நகர், ஜி2, ஜி3 என்றால் வளைவு. 1982 டிசம்பரில் ஆட்டோகேட் வந்தபோது அதோடு வந்த டி.எக்ஸ்.எஃப் வடிவமும் நோட்பேடில் திறந்து பார்க்கக்கூடியதுதான்.

பெரிய திருப்பம் 1990களில். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி, ஜி-கோடைப் படித்து மிஷினை ஓட்டும் மென்பொருள் ஒன்றை எழுதியது. அரசுப் பணத்தில் எழுதியதால் அது பொதுச்சொத்து. தன்னார்வலர்கள் அதை வளர்த்தார்கள், 2011லிருந்து அதன் பெயர் லினக்ஸ்சி.என்.சி. பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹாண்டில் கிடைக்கிற ரகம். 2009ல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதிய கிர்பல் இன்னும் ஒரு படி மேலே. உள்ளங்கைக்குள் அடங்கும் ஆர்டுயினோ போர்டிலேயே ஓடும். வீட்டு சி.என்.சி என்பதே சாத்தியமானது இவற்றால்தான்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. புனே மாவட்டத்தில் பாபல் என்ற கிராமத்தில் டாக்டர் கல்பாக் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம். 2002ல் அமெரிக்க எம்.ஐ.டியின் நீல் கெர்ஷென்ஃபெல்ட் குழு அங்கே ஒரு 'ஃபேப் லேப்' அமைத்தது. பள்ளியை விட்ட கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் மில்! டீசல் இன்ஜின் டைமிங் பார்க்கும் கருவி, பால் பரிசோதனைக் கருவி என்று ஊருக்கு வேண்டியதை அங்கே செய்யத் தொடங்கினார்கள். ஆயிரம் பீஸ் விற்காத பொருளுக்கு எந்தப் பெரிய கம்பெனியும் செட்டப் காஸ்ட் போடாது. ஃபைல் கையில் இருக்கும் ஊர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும்.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் அங்குலம்

சரி, மொட்டைமாடிக்கு வருவோம். மோட்டார் பொருத்தும் தகட்டின் ஃபைலில் துளைகளுக்கு இடையே 47.14 மி.மீ என்று இருந்தது. இதென்ன விசித்திர எண் என்று பார்த்தேன். நெமா 23 என்ற மோட்டார் அளவு அமெரிக்காவில் பிறந்தது. நான்கு துளைகளும் 2.625 அங்குல வட்டத்தில் உட்காரும். அதை மில்லிமீட்டராக்கி √2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47.14. இந்தியா 1956ல் மெட்ரிக் சட்டம் போட்டது. ஆனாலும் நம் ஆசாரிமார் இன்னும் 'ரெண்டு இன்ச், மூணு நூல்' என்றுதான் சொல்கிறார்கள். ஃபைலுக்குள்ளும் அங்குலம் மாறுவேடத்தில் இருக்கிறது.

ஆபத்தும் இங்கேதான். பழைய டி.எக்ஸ்.எஃப் வடிவத்தில் அலகே கிடையாது. 100 என்றால் மில்லிமீட்டரா அங்குலமா என்று ஃபைலுக்குத் தெரியாது. இன்னொரு கணக்கு: மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், அதை எட்டாகப் பிரித்தால் 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றில் 5 மி.மீ நகர்த்தினால், ஒரு மி.மீக்கு 320 ஸ்டெப். கடையில் 4 மி.மீ ஸ்க்ரூ கிடைத்து, 320ஐ மாற்ற மறந்தால் 100 மி.மீ கேட்ட இடத்தில் 80தான் நகரும். மூலைகளும் அப்படித்தான். 6 மி.மீ கட்டர் எந்த உள்மூலையையும் 3 மி.மீ ஆரத்துக்கு வளைத்துத்தான் விடும். ஸ்க்ரீனில் கூர்மையாக வரைந்துவிட்டால் சதுரமான தகடு உள்ளே உட்காராது. லேத் பட்டறை அண்ணன் இதையெல்லாம் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். ஃபைலுக்கு அந்த நாக்கு இல்லை.

அதனால் ஃபைல் தயாரிக்கும் நண்பர்களுக்கு இந்தக் கணக்குப்பிள்ளையின் வேண்டுகோள் ஒன்று. ஜி-கோடில் அடைப்புக்குறிக்குள் எழுதுவதை மிஷின் படிக்காது, அது மனிதர்களுக்கான இடம். முதல் சில வரிகளில் அலகு என்ன, பூஜ்யப்புள்ளி எந்த மூலை, கட்டர் எத்தனை மி.மீ, என்ன தகடு, எவ்வளவு பருமன் என்று எழுதிவிடுங்கள். எதற்காக ஒரு அளவைக் கூட்டினீர்கள் என்றும் எழுதுங்கள். நாங்கள் ஜர்னலில் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஏன் என்று ஒரு வரி எழுதுவது மாதிரி. எழுபது வருடம் முன்பு பட்டறையிலிருந்து ஆபீஸுக்குப் போன அறிவு இப்போதுதான் மெதுவாகத் திரும்பி வருகிறது. அடுத்து அந்த ஃபைலைத் திறப்பவர், தாம்பரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவராகக்கூட இருக்கலாம். அவருக்கும் புரிய வேண்டும் இல்லையா?

மில் ஓடத் தொடங்கியதும் மொத்தச் செலவுக் கணக்கை இங்கே போடுகிறேன், பைசா சுத்தமாக :-)