எக்ஸைப் புரிந்துகொண்ட கால்குலேட்டர்

லாகரிதம் டேபிளைப் புரட்டிப் புரட்டி விரல் தேய்ந்தவர்கள் நாங்கள். பிறகு கால்குலேட்டர் வந்தது. ஆனால் அதற்கு எண் மட்டும்தான் தெரியும். எக்ஸ், ஒய் என்றால் விழிக்கும்! 1985-ல் கேசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி வரைபடமே போட்டுக் காட்டியது. அதுவும் எண்களைக் கணக்கிட்டுப் புள்ளி வைத்த கதைதான்.

எக்ஸை எக்ஸாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட முதல் கைக்கருவி, 1987-ல் ஹ்யூலெட்-பேக்கர்ட் கொண்டுவந்த எச்பி-28சி. டயரி மாதிரி விரிக்கலாம். இடப்பக்கம் எழுத்துகள், வலப்பக்கம் எண்கள். கோவையைக் கொடுத்தால் விரித்துத் தரும், வகையீடும் செய்யும். ஆனால் நமக்கென்று மிஞ்சும் நினைவகம் 2 கிலோபைட்கூட இல்லை. கொஞ்சம் பெரிய கோவை என்றால் மூச்சு முட்டிவிடும், பாவம்!

அல்ஜீப்ராவைச் சின்ன இடத்தில் அடைக்கும் வித்தையில் கெட்டிக்காரர்கள் ஹவாய்த் தீவில் இருந்தார்கள். ஹொனலுலுவில் டேவிட் ஸ்டௌட்மயரும் ஆல்பர்ட் ரிச்சும் நடத்திய சாஃப்ட் வேர்ஹவுஸ், 1988-ல் டெரைவ் என்ற மென்பொருளைத் தந்தது. ஒரே ஃப்ளாப்பியில் அடங்கும்! டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அவர்களோடு சேர்ந்து 1995-ல் டிஐ-92-ஐ உருவாக்கியது. ரூட் 8 என்று கேட்டால் 2 ரூட் 2 என்றே பதில் வரும். தொகையீடும் போடும்.

வேடிக்கை இனிமேல்தான். டிஐ-92-ல் டைப்ரைட்டர் போல முழு எழுத்துப்பலகை இருந்தது. அமெரிக்கக் காலேஜ் போர்டு தேர்வுகளில் அந்தப் பலகை உள்ள கருவிக்கு அனுமதி கிடையாது. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1998-ல் கிட்டத்தட்ட அதே மூளையை, அந்தப் பலகை இல்லாத டிஐ-89-க்குள் வைத்தார்கள். ஏ.பி. கால்குலஸ் தேர்வுக்குள் அது ஜம்மென்று நுழைந்தது! ஆக, மாணவனுக்குப் பதிலாகத் தொகையீடு போடுவது குற்றமில்லை. எழுத்துக்கட்டை வைத்திருப்பதுதான் குற்றம். ஏசிடி என்ற இன்னொரு தேர்வோ, அல்ஜீப்ரா தெரிந்த கருவியே கூடாது என்று டிஐ-89-ஐ வெளியே நிறுத்தியது.

என் ஓட்டு இருவருக்கும் இல்லை. பொத்தானை அமுக்கினால் விடை வந்துவிடும் என்றால், மாற்ற வேண்டியது கேள்வித்தாளை. ஏ.பி. தேர்வில் கால்குலேட்டரையே தொடக்கூடாத ஒரு பகுதியும் உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

1999-ல் வந்த எச்பி-49ஜி-யின் அல்ஜீப்ரா, பிரான்சில் கிரெனோபிள் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பெர்னார் பாரிஸ் (ஊர் அல்ல, ஆளின் பெயரே அதுதான்!) எழுதியதிலிருந்து வளர்ந்தது. அவர் பின்னாளில் எழுதிய எக்ஸ்காஸ் என்ற மென்பொருள் இலவசம். தம்பி, தங்கைகளே, ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் இன்றே போட்டுப் பாருங்கள்.