பேஸ், டிரெபிள்: இரண்டு குமிழ்களின் கதை

வீட்டு ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள் என்று இரண்டு குமிழ்கள் இருக்கும். எல்லோரும் திருகுவோம். அவை எதற்காக வந்தன?

பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஒரே ஒரு "டோன்" குமிழ்தான். அது டிரெபிளைக் குறைக்க மட்டுமே செய்யும். பேஸ் கூடியதுபோலக் காதுக்குத் தோன்றும், அவ்வளவுதான்!

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் காதின் குணத்தை அளந்து வெளியிட்டார்கள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மற்ற ஒலிகளைவிட பேஸ்தான் காதுக்கு வேகமாக மங்குகிறது. இரவில் மெதுவாகப் பாட்டு கேட்டால் டிரம்ஸின் அதிர்வு காணாமல் போவது இதனால்தான். குறை ஸ்டீரியோவில் இல்லை, நம் காதில்!

பேஸையும் டிரெபிளையும் சரிசெய்ய எளிய வழி தந்தவர் இங்கிலாந்துப் பொறியாளர் பீட்டர் பாக்சண்டால் (1921-1995). ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்நிலையில் உள்ளே திருப்பிவிடும் சர்க்யூட் அது. 1952 அக்டோபர் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் அதை வெளியிட்டார். பேஸையும் டிரெபிளையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். 1000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள நடு ஒலி அதிகம் மாறாது. இரண்டு குமிழும் நடுவில் நின்றால் பாட்டு பதிவானபடியே வரும். பிறகு உலகமெங்கும் எண்ணற்ற ஆம்ப்ளிஃபயர்கள் இந்த வழியைப் பின்பற்றின.

ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. பேஸை 10 டெசிபெல் கூட்டினால், அந்த ஒலிக்கு 10 மடங்கு பவர் வேண்டும். ஏற்கெனவே சத்தமாகப் பாடும் செட்டில் பேஸையும் முழுதாகத் திருகினால், ஆம்ப்ளிஃபயர் திணறி ஒலி சிதையும், ஸ்பீக்கரும் கெடலாம்.

மெதுவாகக் கேட்கும்போது கைகொடுக்கும் குமிழ் அது. நாமோ சத்தமாக வைத்துக்கொண்டு அதைத் திருகுகிறோம்!