திரை மூடிய கொட்டகைகள்

மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் என்றொரு படக்கொட்டகை 1946-இல் திறந்தது. 1983-இல் மூடியது, 2009-இல்தான் இந்தியப் படங்களோடு மீண்டும் கதவு திறந்தது. 1930-இல் எழுந்த கேப்பிட்டல் 1998-இல் படம் காட்டுவதை நிறுத்தியது.

மக்களுக்குப் படம் கசந்துவிட்டதா? இல்லவே இல்லை! 1963-இல் சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. 1974-இல் வண்ணமும் சேர்ந்தது. பிறகு வீடியோ நாடா. வீடே கொட்டகையாச்சு, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாச்சு!

கட்டடம் போனால் போகட்டும்னு விட்டுடலாமா? இன்றே தாத்தா பாட்டியிடம் கேளுங்க: எந்தக் கொட்டகை, என்ன படம், டிக்கெட் என்ன விலை? கேட்டதை எழுதி வையுங்கள். நாளை கேட்க நினைத்தால், சொல்ல யார் இருப்பார்கள்? மன்னர்கள் கதை மட்டுமா வரலாறு? வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்கள் கதையும் வரலாறுதான்!