பல்லைக் காத்த மரப்பால்

பால்மரம் வெட்டிப் பழகிய நமக்கு மரப்பாலின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், குத்துச்சண்டை வீரர் வாய்க்குள் அணியும் பல் கவசமும் இந்த வட்டாரத்து மரப்பாலிலிருந்து பிறந்ததே என்பதை நம்மில் பலர் அறியோம்.

ரப்பர் மரம் இங்கு வருவதற்கு முன்பே மலாயாக் காடுகளில் கெத்தா பெர்ச்சா என்னும் பிசின் தரும் மரங்கள் இருந்தன. அவற்றைச் சாய்த்தே பால் எடுத்தார்கள். அந்தப் பிசின் வெந்நீரில் இளகும். ஆறினால் கொடுத்த வடிவில் இறுகும். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843-ஆம் ஆண்டு வாக்கில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகவும், சொத்தைப் பல்லை அடைக்கவும் அது பயன்பட்டது.

1890-ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிரவுஸ், அந்தப் பிசின் பட்டைகளைக் குத்துச்சண்டை வீரர்களின் மேல்பற்களில் பொருத்தினார். பின்னர் அவர் மகன் பிலிப், கழற்றி மீண்டும் அணியக்கூடிய கவசத்தை ரப்பரில் செய்தார்.

ஆனால் போட்டிக் களம் அதை எளிதில் ஏற்கவில்லை. 1921-இல் நியூயார்க்கில் டெட் ‘கிட்’ லூயிஸ் அதை அணிந்து வந்தபோது எதிர்த்தரப்பினர் ஆட்சேபித்தனர். 1927-இல் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மெக்டீக், முன்னணியில் இருந்தும், பல் உதட்டைக் கிழித்து இரத்தம் பெருகியதால் தோற்றார். அதன் பிறகே கவசத்துக்கு வழி திறந்தது. 1962-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அந்நாட்டுப் பாணிக் கால்பந்து ஆடுவோருக்கு அது கட்டாயமாயிற்று.

கவசம் ஒரு பல்லில் விழும் அடியைப் பல பற்களுக்குப் பகிர்ந்து தணிக்கிறது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மோதாமலும், உதடு கிழியாமலும் காக்கிறது. அணியாதவர்க்கு வாய், பல் காயங்கள் 1.6 முதல் 1.9 மடங்கு வரை அதிகம் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று இல்லை.

இன்று கடைகளில் பிளாஸ்டிக் கவசங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றையும் வெந்நீரில் இளக்கி, கடித்துத்தான் பொருத்த வேண்டும். அன்றைய பிசினின் அதே குணம்!

பெற்றோர்களே, பால்பல் விழுந்தால் மறுபல் முளைக்கும். அந்த மறுபல் போனால் போனதுதான். ஹாக்கியோ தேக்குவாண்டோவோ ஆடும் பிள்ளைக்குக் காலணி வாங்கும்போதே பல் கவசமும் வாங்கிக் கொடுப்போம். அதை அணிவது கோழைத்தனம் அன்று. மெக்டீக்கின் தோல்வி நமக்குச் சொல்லும் பாடம் அதுவே.