பழைய எக்ஸ்50-ஐக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாமா? முதலில் கடன் கணக்கைப் பாருங்கள்

புரோட்டோன் எக்ஸ்50 எஸ்.யு.வி. 2020 அக்டோபரில் அறிமுகமானது. தொடக்கத்தில் வாங்கியவர்களின் 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் மேம்படுத்தப்பட்ட எக்ஸ்50-உம் சந்தைக்கு வந்துவிட்டது. பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுகிறது.

என்ன மாறியுள்ளது?

பழையதில் இருந்தது 3 சிலிண்டர் டர்போ இயந்திரம். பெரும்பாலான வகைகளில் 150 குதிரைத்திறன். உயர்வகையில் மட்டும் 177. புதியதில் எல்லா வகைகளிலும் 181 குதிரைத்திறன் தரும் 4 சிலிண்டர் இயந்திரம். மேட்டுச் சாலையிலும் லாரியை முந்தும்போதும் வேறுபாடு தெரியும். இரண்டுமே 1.5 லிட்டர், சாலை வரிப் பிரிவு மாறாது. இருக்கையும் அதே 5 தான். குடும்பம் பெரிதாகிவிட்டது என்பதற்காக மாற்ற நினைப்பவர்களுக்கு இது தீர்வாகாது.

5 ஆண்டு கட்டியும் பாதிக் கடன்

ஓர் எடுத்துக்காட்டு: 80,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி, 9 ஆண்டுத் தவணை. மொத்த வட்டி 21,600 வெள்ளி; மாதம் சுமார் 941 வெள்ளி. 5 ஆண்டுகளில் ஏறக்குறைய 56,440 வெள்ளி கட்டியிருப்பீர்கள். ஆனால் முன்கூட்டியே முடிக்கப் போனால், வழக்கமான '78 விதி'க் கணக்குப்படி இன்னும் சுமார் 40,840 வெள்ளி கட்ட வேண்டும். வட்டியின் பெரும்பகுதியை முதல் ஆண்டுகளிலேயே கழித்துக்கொள்வதுதான் காரணம்.

இந்தக் காருக்கு விற்பனையாளர் 50,000 வெள்ளி கொடுத்தால், கையில் மிஞ்சுவது சுமார் 9,160 வெள்ளி. 38,000 வெள்ளி மட்டுமே கொடுத்தால், 2,840 வெள்ளியை உங்கள் பையிலிருந்து போட வேண்டும். புதிய காரின் முன்பணம் தனி.

முடிவெடுக்கும் முன்

• கடனை முழுதாக முடிக்க எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்து வடிவில் கேளுங்கள்.

• பழைய காருக்குக் குறைந்தது மூன்று இடங்களில் விலை கேளுங்கள். புதிய காருக்குத் தரும் கழிவைப் பழைய காரின் விலையோடு கலந்து சொன்னால், இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

• இழப்பீடு கோராததற்கான காப்புறுதிக் கழிவு (என்.சி.டி.) காருக்கல்ல, உங்களுக்குரியது. ஐந்து ஆண்டுகளில் 55 விழுக்காட்டை எட்டும் அதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

• காரை ஒப்படைத்த பின் ஜே.பி.ஜே.யில் பெயர் மாறியதை உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சம்மன் உங்கள் பெயருக்கே வரும்.

• உத்தரவாதம் முடிந்ததால் பழுதுச் செலவுக்கு அஞ்சுகிறீர்களா? பணிமனையில் முழுச் சோதனை செய்து மதிப்பீடு வாங்குங்கள். மேலே சொன்ன தவணை ஆண்டுக்கு 11,000 வெள்ளியைத் தாண்டுகிறது. பழுதுச் செலவை அதோடு ஒப்பிடுங்கள்.

கார் நல்ல நிலையில் இருந்து, கடனும் 4 ஆண்டுதான் மீதம் என்றால், கட்டி முடிப்பதே பெரும்பாலோருக்கு இலாபம். அதன் பிறகு மாதம் 941 வெள்ளி வீட்டிலேயே தங்கும். பழுது அடிக்கடி வந்து, கடனை அடைத்த பிறகும் முன்பணத்துக்குப் போதுமான தொகை மிஞ்சினால், மாற்றுவதில் தவறில்லை.