பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்: அமெரிக்காவின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்காண்டுப் படிப்பு ஆகும். அங்கு ஒரே வகுப்பில் உள்ள எல்லா மாணவர்களும் ஒரே பாடங்களைப் படிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தரும் பட்டியலிலிருந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். அப்பட்டியலில் கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களும் இருப்பதுண்டு. அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டம். இது சுருக்கமாக ஏ.பி. எனப்படுகிறது.

இத்திட்டத்தின் வரலாற்றில் இரண்டு கேள்விகள் முக்கியமானவை. பள்ளி மாணவரால் கல்லூரிப் பாடத்தைப் படிக்க இயலுமா என்பது முதற் கேள்வி. அதற்கு விரைவிலேயே விடை கிடைத்துவிட்டது. அப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. அது இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

தோற்றம்

1950களின் தொடக்கத்தில் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். திறமையான மாணவர்களின் படிப்பு வீணாகாமல் விரைவாக முன்னேற வழி காண வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஃபோர்டு அறக்கட்டளை ஏற்படுத்திய கல்வி மேம்பாட்டு நிதியம் இதற்குப் பொருளுதவி செய்தது.

இரு வழிகள் சோதித்துப் பார்க்கப்பட்டன. பள்ளிப் படிப்பை முடிக்கும் முன்னரே மாணவரைக் கல்லூரிக்கு அனுப்புவது ஒரு வழி. 1951 இல் யேல், சிகாகோ, கொலம்பியா, விஸ்கான்சின் ஆகிய பல்கலைக்கழகங்கள் பதினாறு வயதை ஒட்டிய மாணவர்களை உதவித்தொகையுடன் சேர்த்துக்கொண்டன. மாணவரைப் பள்ளியிலேயே இருக்கச் செய்து, கல்லூரிப் பாடத்தை அவரிடம் கொண்டுவருவது மற்றொரு வழி. காலப்போக்கில் இரண்டாவது வழியே நிலைபெற்றது.

ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இணைந்து ஆய்வு ஒன்றை நடத்தின. நல்ல பள்ளியில் பயின்றவர்கள் கல்லூரி முதலாண்டில் ஏற்கெனவே படித்ததையே திரும்பப் படிக்கின்றனர் என்பது 1952 இல் வெளியான அறிக்கையின் சாரம். அதே காலத்தில் ஒஹாயோவிலுள்ள கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் கீத் சால்மர்ஸ் தலைமையில் பன்னிரண்டு கல்லூரிகள் கூடின. பள்ளியில் எந்தத் தரத்தில் பாடம் நடந்தால் கல்லூரி அதை ஏற்கலாம் என்பதைப் பாடவாரியாக வரையறுத்தன.

1954 இல் நடந்த சோதனைத் தேர்வில் பள்ளி மாணவர்களின் விடைகள் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் விடைகளோடு ஒப்பிடப்பட்டன. பள்ளி மாணவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. முதற் கேள்விக்கு அத்தேர்வே விடையளித்தது. 1955 இல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு இத்திட்டத்தின் பொறுப்பை ஏற்றது. 1956 இல் நடந்த தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினர். இன்று ஆண்டுதோறும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர்.

நடைமுறை

மாணவர் தம் பள்ளியில் ஓராண்டு பாடம் படித்து, மே மாதத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வை எழுதுகிறார். மதிப்பெண் 1 முதல் 5 வரை வழங்கப்படும். 3 அல்லது அதற்கு மேல் பெறுவது தேர்ச்சியாகக் கருதப்படுகிறது. அம்மதிப்பெண்ணுக்குக் கல்லூரிப் பாட அலகு தருவதா இல்லையா என்பதை அந்தந்தக் கல்லூரியே முடிவு செய்யும். பல மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் 3 மதிப்பெண்ணை ஏற்கின்றன. சில தனியார் கல்லூரிகள் 5 கேட்கின்றன. டார்ட்மத் கல்லூரி 2014 இல் சேர்ந்த மாணவர்கள் முதல் பாட அலகு தருவதையே நிறுத்திவிட்டது. அலகு கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். ஆகவே ஏழைக் குடும்பங்களுக்கு இத்தேர்வின் பயன் பெரிது.

கார்ஃபீல்டு பள்ளியின் சான்று

முதல் இருபது ஆண்டுகளில் இப்பாடங்கள் பெரும்பாலும் வசதியான பள்ளிகளிலேயே நடந்தன. இந்நிலையை மாற்றலாம் என்று காட்டியவர்களுள் பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே குறிப்பிடத்தக்கவர். அவர் 1974 முதல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தார். அங்குப் பயின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்.

1982 இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. நுண்கணிதத் தேர்வில் தேர்ச்சி பெற்றனர். விடைத்தாள்களில் ஒரே வகைப் பிழைகள் காணப்படுவதாகக் கூறி, தேர்வை நடத்திய நிறுவனம் 14 பேரின் முடிவை ஐயுற்றது. 12 பேர் மீண்டும் தேர்வு எழுதினர். பன்னிரண்டு பேரும் தேர்ச்சி பெற்றனர். 1988 இல் வெளியான ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்னும் திரைப்படம் இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது.

திரைப்படத்தில் ஓரிரு ஆண்டுகளில் நடந்ததுபோல் தோன்றுவது உண்மையில் பல ஆண்டு உழைப்பு. கீழ் வகுப்புகளில் இயற்கணிதம் கற்பித்தவர்களையும் எஸ்கலாந்தே ஒருங்கிணைத்தார். அருகிலிருந்த கல்லூரியில் கோடை வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார்.

இதற்கான காரணம் பாட வரிசையில் உள்ளது. முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணித முன்பாடம், நுண்கணிதம் என்பது வழக்கமான வரிசை. பாடங்கள் ஐந்து, உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளோ நான்கு. எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் தொடங்காத மாணவர், இடையில் கூடுதல் வகுப்பு படித்தாலன்றி, பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பதினேழு வயதில் மாணவர் செய்வதாகத் தோன்றும் தேர்வை, பதின்மூன்று வயதில் வேறொருவர் அவருக்காகச் செய்துவிடுகிறார்.

வாய்ப்பில் ஏற்றத்தாழ்வு

1999 இல் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சார்பில் மாநில அரசின் மீது வழக்குத் தொடரப்பட்டது. தங்கள் பள்ளியில் மிகச் சில ஏ.பி. பாடங்களே உள்ளன என்பதும், வசதியான பகுதிப் பள்ளிகளில் பல பாடங்கள் உள்ளன என்பதும் அவர்களின் முறையீடு. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இப்பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு தரப்பட்டதால், பாடம் இல்லாத பள்ளியில் படித்தவர் தம் தவறு எதுவும் இல்லாமலே பின்தங்க நேர்ந்தது. இவ்வழக்கைத் தொடர்ந்து, பாடங்களை விரிவாக்க மாநிலம் நிதி ஒதுக்கியது.

பாடம் இருக்கும் பள்ளியிலும் தடைகள் இருந்தன. சேர்வதற்கு ஆசிரியரின் பரிந்துரை தேவைப்பட்டது. தேர்வுக் கட்டணமும் உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உள்ளது. வீட்டில் கல்லூரி சென்றவர் எவரும் இல்லாத மாணவருக்கு இப்பாடத்தை எடுக்கலாம் என்று சொல்ல ஆளில்லாததே பல இடங்களில் பெருந்தடையாக இருந்தது.

பிற வழிகள்

நியூயார்க் மாநிலத்தின் சிராகியூஸ் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில், தன் பாடங்களைப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே பள்ளிகளில் நடத்தத் தொடங்கியது. 1985 இல் மின்னசோட்டா மாநிலம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரிக்கே சென்று மாநிலச் செலவில் பாடம் படிக்கச் சட்டம் செய்தது. இது இரட்டைப் பதிவு எனப்படுகிறது. ஏ.பி. முறையில் பாட அலகு ஒரே நாள் தேர்வைப் பொறுத்தது. இரட்டைப் பதிவில் ஆண்டு முழுவதும் செய்த பணியைப் பொறுத்தது. ஆனால் இரட்டைப் பதிவில் பெற்ற மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அது கல்லூரிப் பதிவேட்டில் நிலைத்துவிடும்.

தேர்வு முறையைத் தலைகீழாக்குதல்

வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே பள்ளி மாவட்டம் 2010 இல் ஒரு மாற்றம் செய்தது. அதுவரை விரும்பியவர் விண்ணப்பித்து உயர்தரப் பாடத்தில் சேர்ந்தனர். இனி, மாநிலத் தேர்வில் உரிய தரம் பெற்ற ஒவ்வொரு மாணவரும் உயர்தரப் பாடத்தில் தாமாகவே சேர்க்கப்படுவர்; வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம். பின்னர் 2019 இல் அம்மாநிலம் இம்முறையை எல்லாப் பள்ளி மாவட்டங்களுக்கும் உரியதாக்கியது. மாணவரின் விருப்பம் இங்கும் மறுக்கப்படவில்லை. ஆனால் கேட்டால் மட்டுமே கிடைக்கும் ஒன்றாக இருந்த வாய்ப்பு, தகுதி பெற்ற ஒவ்வொருவர் முன்னும் தானாக வந்து நிற்கும் ஒன்றாக மாறியது.