தன்னாமுனையில் ஒரு துட்டு

தன்னாமுனை வாவிக்கரைச் சேற்றில் கிடந்ததென்று மாணவன் ஒருவன் செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தான். விளிம்பு அரித்து, களிம்பு ஏறியிருந்தது.

"சேர், புளி போட்டுத் தேய்க்கட்டா?"

"வேணாம் மகன், தேய்ச்சா இருக்கிற எழுத்தும் போயிரும்."

சாய்ந்த வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பின்னிய மூன்றெழுத்து முத்திரை. ஆண்டில் 17 மட்டும் மிச்சம். மறுபக்கம் முடிசூடிய கேடயத்தில் அலைகளிலிருந்து எழும் சிங்கம். அது சீலாந்து மாகாணத்தின் சின்னம். கம்பெனி முத்திரையோடு ஒல்லாந்து மாகாணங்கள் இக்காசுகளை அடித்தது 1726 முதல் 1794 வரை. ஆண்டு அழிந்தாலும் காலம் அகப்பட்டுவிட்டது.

இனிப் பெறுமதி. இதன் பெயர் டொயிட். நாலு டொயிட் ஒரு ஸ்டூவர். 48 ஸ்டூவர் ஒரு இறைசால். ஆக, இறைசாலில் 192இல் ஒரு பங்கு. ஏராளமாக அடிக்கப்பட்டதால், தேய்ந்த காசுக்கு இன்றும் பெரிய விலையில்லை. பையனின் முகம் வாடியது.

"உங்கட மூத்தம்மா காசை என்னெண்டு சொல்லுவா?"

"துட்டு, சேர்."

"அந்தச் சொல் இந்த டொயிட்டிலிருந்துதான் வந்தது."

காசை உறையிலிட்டு, கிடைத்த இடத்தையும் நாளையும் அவன் கையாலேயே எழுதவைத்தேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் பழைய செம்பு. இருந்தால், நம் வாவிக்கரையின் சாட்சி.